கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆறு நாட்கள்

அன்பான விசுவாசிகளே, இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது. சொல்ல எழும்போதெல்லாம் இன்னொரு தாயின் முகம் முன்னால் வந்து என்னை உட்கார வைத்துவிடும்.

2005-ஆம் வருடம் என் கணவர் ஜேக்கப்புக்கு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். அவருக்குத் துறைமுகத்தில் வேலை. வங்காளிகள் நிறைந்த பெஹாலாவில் குடியிருந்தோம். ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை ஒன்றுதான் வழி என்று ஆனபோது, அவருடைய தங்கை செல்வி பாளையங்கோட்டையிலிருந்து வந்து தன் செல்களைக் கொடுத்தாள்.

அவரைத் தனியறையில் வைத்தார்கள். டாக்டர் என்னிடம், "புது செல் வளர்ற வரைக்கும் அவர் உடம்புல எதிர்ப்புச் சக்தியே கிடையாது. உங்களுக்குச் சாதாரண ஜலதோஷம், அவருக்கு உயிருக்கே ஆபத்து" என்றார். பூ கூடாது. பழம் கூடாது. கை கழுவி, மாஸ்க் போட்டு, ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம்.

கை கழுவக்கூட எனக்குத் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து அறையில் அதே சிகிச்சைக்கு இருந்த ரூம்பாவின் அம்மா, ஜாதவ்பூரைச் சேர்ந்த மிட்டு பௌதி; பௌதி என்றால் அண்ணி. ரூம்பாவுக்குப் பத்தொன்பது வயது. "விரல் இடுக்கு, கட்டை விரல், நகம். அவசரப்படாதே திதி" என்று என்னை அக்கா முறை வைத்துச் சொல்வார். அவரைப்போல் கவனமாக இருந்த ஒருவரை அங்கே நான் பார்க்கவில்லை.

எட்டாம் நாள் என் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம். அன்று காலை எழும்போதே எனக்குத் தொண்டை கரகரத்தது. யாரிடமும் சொல்லவில்லை. இன்று போகாவிட்டால் அவரை உயிரோடு பார்க்க முடியாதோ என்ற பயம். குழாயடியில் நின்று, "ஆண்டவரே, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் என்னை உள்ள விடும்" என்று ஜெபித்தேன். கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கதவைத் திறக்க மட்டும் கை போகவில்லை. அழுகை பொங்கியது.

"கீ ஹோலோ திதி?" என்று மிட்டு பௌதி ஓடி வந்தார். என்ன ஆயிற்று என்று அவர் கேட்டதுமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நர்ஸ் என்னை வீட்டுக்கு அனுப்பினார். கிளம்பும்முன் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து இன்டர்காமில் என் கணவரிடம் சொன்னேன்.

"நீயும் விட்டுட்டுப் போறியா, எஸ்தர்?" என்றார்.

அந்த வார்த்தையைச் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

மறுநாள் எனக்கு நல்ல காய்ச்சல். உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. நான் கேட்டதைக் கர்த்தர் கொடுக்கவில்லை. கொடுக்காததுதான் அவர் தந்த பதில்.

ஆறு நாள் வீட்டில் முழங்காலில் கிடந்தேன். அவரைச் செல்வி பார்த்துக்கொண்டாள். அவளுக்கு வங்காள பாஷை தெரியாது. அதனால் மாலையானால் மிட்டு பௌதிதான் போன் செய்து அவர் நிலையைச் சொல்வார். ஆறாம் நாள், "காய்ச்சல் விட்டுவிட்டது திதி, புது செல் வர ஆரம்பித்துவிட்டது" என்றார். நான் போனிலேயே சத்தமாக "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன். மிட்டு பௌதி மெதுவாகப் போனை வைத்தார்.

டாக்டர் அனுமதித்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரூம்பாவின் அறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மிட்டு பௌதி எனக்கு அந்த நல்ல செய்தியைச் சொன்ன அன்று காலையில்தான் ரூம்பாவை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நுரையீரலில் கிருமி. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அந்தத் தாயும் ஜெபித்தாள். என்னைவிடச் சுத்தமாக இருந்தாள். ஏன் ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் வரவில்லை. கேட்பதை நிறுத்தவும் இல்லை.

என் கணவர் இன்று வேலைக்குப் போகிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்த வார்டுக்குப் போய், புதிதாக வருகிறவர்களுக்குக் கை கழுவக் காட்டித் தருகிறேன். முதல் தடவை போனபோது மிட்டு பௌதியையும் கூப்பிட்டேன். "அந்த வாசலை என்னால் மிதிக்க முடியாது திதி, நீ போ" என்றார்.

பிரியமானவர்களே, நீங்கள் கேட்டது கிடைக்காத நாளிலும் அவர் கையை விட்டுவிடாதீர்கள். மறைக்க நினைப்பதை அவரிடம் சொல்லுங்கள். தடுத்தால் நில்லுங்கள். எனக்காக ஸ்தோத்திரம் சொல்கிறவர்கள், ஒரு நிமிடம் ரூம்பாவின் அம்மாவுக்காகவும் ஜெபியுங்கள்.