உம்மாவின் இடது கால்

கிண்ணியாவில் எங்கள் பெண்கள் பச்சைக் குழந்தையை நீட்டிய கால்கள்மேல் கிடத்தித்தான் குளிப்பாட்டுவார்கள். அதில் உம்மாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் மாமி தன் தலைப்பிள்ளையை உம்மாவின் காலில் போட மறுத்துவிட்டார். மாமி வாப்பாவின் தங்கை, அடுத்த வளவுக்காரி. உம்மாவின் இடது கால், எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல், வலது காலைப்போல இரண்டு மடங்கு.

"இது யானைக்கால், மச்சி. புள்ளக்கு ஒட்டிக்கிட்டா நான் என்ன செய்ற?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். உம்மா அன்று சோறு தின்னவில்லை.

ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கண்ணூறு என்றார்கள், ஈர மணலில் நடந்தது என்றார்கள். ஓதிக் கட்டிய நூல் இறுகி அறுந்ததுதான் மிச்சம். கடைசியில் வாப்பா எங்களைத் திருகோணமலைக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஊர்ப் பாதை தண்ணீரில் மிதந்து போகும் தட்டைப் படகு. லொறி, ஆடு, மனிதர் எல்லாரும் அதில் ஒன்றாக ஏறித்தான் அக்கரை சேர வேண்டும்.

இரண்டாம் தடவை போனபோது டொக்டர் விரலால் காலை அமுக்கினார். குழி விழுந்து அப்படியே நின்றது. இரத்தத்தில் யானைக்கால் கிருமி இல்லையென்று முதல் தடவையே சொல்லியிருந்தார். பிறகு ஏன் இந்த வீக்கம் என்று அவருக்கும் பிடிபடவில்லை.

"எத்தினை பிள்ளையள் பெத்தனீங்கள்?"

"மூணு," என்றார் உம்மா.

எனக்குச் சின்ன வயதிலேயே பிழை திருத்தும் வியாதி. "இல்ல டொக்டர், நானும் தங்கச்சியும் ரெண்டு பேர்தான்," என்றேன்.

உம்மா முகட்டைப் பார்த்தார். "மூத்தது ஆம்புளப் புள்ள. பொறந்த அண்டே மௌத்து."

"கால் எப்ப வீங்கினது?"

"அந்தக் கிழமதான். புள்ள போன கவலயில கால ஆரு பாத்த?"

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தப் பிள்ளைப்பேற்றோடு தொடைக்குள் இரத்தம் உறைந்து நாளம் அடைபட்டிருக்கிறது, வீக்கம் முழுதாக வற்றாது, ஆனால் யாருக்கும் ஒட்டாது என்றார். ஒட்டாது என்பதை வாப்பா இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மறுநாள் மாமியே பிள்ளையோடு வந்தார். "கோவிக்காதீங்க மச்சி. நீங்களே குளிப்பாட்டுங்க."

உம்மா கிணற்றடியில் இரண்டு கால்களையும் நீட்டினார். இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, "இந்தா முடிஞ்சி, என்ட மகன், அழாதங்க என்ட மகன்," என்று கொஞ்சினார். அழுதது குழந்தையல்ல, உம்மாதான்.

எனக்குச் சும்மா இருக்க ஏலுமா? "உம்மா, இவன் உங்களுக்கு மருமகன்," என்றேன்.

"ஓம், மருமகன்தான்," என்றார் உம்மா. அடுத்த வாளித் தண்ணீருக்கு மறுபடியும் "என்ட மகன்" என்றார். இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுத்தும் உம்மாவுக்கு ஏன் ஏறவில்லை என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.