ஆவணியின் கடைசிச் சனிக்கிழமை

செப்டம்பரில் குளிர் நாடுகளில் இலை உதிருமாம். ஜோகூரில் எதுவும் உதிராது. வெயில், மழை, மறுபடி வெயில். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், செப்டம்பர் வந்திருப்பதை அடுப்படி வாசனையை வைத்துத்தான் சொல்ல முடியும். பாதி மாதம் வரை மீன் பொரிக்கும் வாசம். புரட்டாசி பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு சாம்பார்.

இந்தச் சாம்பாரை நம்பித்தான் நான் மோசம் போனேன்.

இருபது வருடத்துக்கு மேல் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் நான். கம்பெனி வேறு நாட்டுக்கு இடம் மாறியதும், செடெனாக் பக்கம் செம்பனைக் காட்டை ஒட்டிக் கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போட்டேன். விளைந்ததை விற்க, சனிக்கிழமை கூடும் பாசார் தானி என்ற உழவர் சந்தையில் ஒரு இடம் கேட்டு எழுதிப் போட்டேன். மூன்று மாதத்துக்குத் தற்காலிகமாகக் கொடுத்தார்கள். கடைசி வாரம் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார்; ஆள் வந்து வாங்கினால் இடம் நிரந்தரம், இல்லாவிட்டால் அடுத்தவருக்கு. அடுத்தவர் அப்பம் பாலிக் என்ற கடலை வைத்து மடித்த இனிப்பு அப்பம் விற்பவர். வாராவாரம் வந்து என் கூடாரத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டுப் போவார். அவரைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேலை போன பிறகு என்னை யாரும் எதற்கும் எதிர்பார்க்காத நாட்கள் அவை. சனிக்கிழமை காலையில் மட்டும் நான் நிற்பதற்கென்று எட்டடி இடம் இருந்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை.

அதிகாரி வரும் சனிக்கிழமை எது என்று பார்த்தேன். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை புரட்டாசி பிறக்கிறது. துள்ளிக் குதித்தேன். தமிழர்கள் அத்தனை பேரும் முன்கூட்டியே காய்கறி வாங்கக் கிளம்பி வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். புடலங்காய், பீர்க்கங்காய், வெண்டைக்காய், கட்டுக் கட்டாகத் தண்டுக்கீரை, வழக்கத்தைப் போல மூன்று மடங்கு பறித்தேன். அது போதாதென்று எங்கள் கோயில் தலைவரிடம் போய், புரட்டாசிச் சனி பூஜை நோட்டீசை என் கடை முன்னால் நின்று கொடுக்கும்படி கேட்டுக்கொண்டேன். கூட்டம் சேராவிட்டால் இடம் போய்விடும் என்பதையும் சொன்னேன். சுத்த சைவச் சாப்பாட்டுக்காரர், எழுபது வயது, நெற்றி நிறைய நாமம். சரியென்று தலையாட்டினார்.

என் வீட்டைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும். புதன்கிழமையிலிருந்து என் வீட்டுக்காரர் ஆட்டுக்கறி, நண்டு, இறால் என்று பட்டியல் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் கவிச்சி கிடையாது என்றால் அதற்கு முந்தைய சனிக்கிழமை நம் ஆட்கள் என்ன வாங்குவார்கள்? ஐம்பத்தாறு வயதில் எனக்கு இது தெரியவில்லை!

காலை எட்டு மணிக்குப் புரிந்தது. பாசார் தானியில் எள் போட்டால் விழாத கூட்டம். அத்தனை பேரும் எதிர்வரிசையில், ஆட்டுக்கறிக்கும் நண்டுக்கும் நின்றார்கள். நான் ஈ ஓட்டினேன். வாங்கிய பையோடு என் பக்கம் திரும்பியவர்கள் கடை முன்னால் நோட்டீசோடு நின்ற தலைவரைப் பார்த்ததும் பேய் முழி முழித்து, கோழிக்கடைக்குப் பின்னால் புகுந்து ஓடினார்கள். ஒருவர் வாழைப்பழ லாரிக்கு அடியில் குனிந்தே போய்விட்டார்.

வருகிற நாலு பேரையும் இந்த மனுஷன் விரட்டுகிறாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூப்பிட்டவளே நான்தான் என்பது அப்போது நினைவில் இல்லை.

"ஐயா, அந்தப் பக்கம் காப்பி நல்லா இருக்கும். போய்க் குடிச்சிட்டு மெதுவா வாங்களேன்" என்றேன்.

"வேணாம்மா. இங்கயே நிக்கிறேன்" என்றார். முழங்கால் வலிக்காரர். கூடாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூண் மாதிரி நின்றார்.

ஒன்பது மணிக்குத் தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருவர் மாட்டிக்கொண்டார். ஆவணியிலேயே கவிச்சியை விட்டுவிட்டதாகத் தாமான் வாட்சாப்பில் எல்லோருக்கும் அறிவித்தவர். மீன் கடையிலிருந்து திரும்பினால் எதிரே தலைவர், பின்னால் கூட்டம், ஒதுங்க இடமில்லை. கையிலிருந்த பையில் ஏதோ கரகரவென்று பிராண்டியது.

"அக்கா, கீரை ரெண்டு கட்டு குடுங்க. சீக்கிரம்லா" என்றார். பையில் போடப் போனேன். காதோரம் குனிந்து, "மேல வைங்கக்கா, மேல. நல்லா பரப்பி வைங்க" என்றார். பரப்பி வைத்தேன்.

தலைவர் நோட்டீசை நீட்டினார். பையைக் குனிந்து பார்த்தார். "கீரை ரொம்ப ஃப்ரெஷ் போல டீச்சர். இன்னும் அசையுதே" என்றார்.

டீச்சர் நோட்டீசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார். பாவம், தலைவர் கண்ணில் ஆபரேஷன் செய்துகொண்டவர், நண்டு தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றைக்கும் நினைத்துச் சிரிக்கிறேன். பாசார் தானியின் ஒரே வெளிவாசல் என் கடையைத் தாண்டித்தான். கோழிக்கடைக்குப் பின்னால் ஓடினாலும் கடைசியில் அங்கேதான் வந்தாக வேண்டும்; மறைவாக இருந்த வாழைப்பழ லாரியையும் எடுத்துவிட்டார்கள். தப்பிக்க ஒரே வழி கீரைதான் என்ற செய்தி டீச்சர் மூலம் பரவியதோ என்னவோ, ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். கீரை தீர்ந்ததும் வெண்டைக்காய். முழு ஆட்டுத் தொடை வாங்கியவர் அதைச் சுற்றி அரண் மாதிரி அடுக்க ஆறு புடலங்காய் கேட்டார். கேட்டவர்களில் பாதிப் பேர் என்னிடம் அதுவரை ஒரு மிளகாய்கூட வாங்கியதில்லை.

நடுவில் என் வீட்டுக்காரர். கறிப்பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "பீர்க்கங்காய் குடுங்க" என்றார் என்னிடம். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் எனக்கு மரியாதை கொடுத்தது அன்றைக்குத்தான். "எத்தனை வேணுங்க?" என்று நானும் கேட்டேன்.

பதினோரு மணிக்கு அதிகாரியம்மா வந்தார். மலாய்க்காரர், சின்னப் பெண். அவருக்குக் கடையே தெரியவில்லை, ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. எட்டிப் பார்த்தார். மேசையில் நாலு பாகற்காயும் கொஞ்சம் கறிவேப்பிலையும் கிடந்தன. "அலமாக்! எல்லாம் முடிஞ்சதா?" என்று மலாயில் கேட்டுச் சிரித்தார். கையிலிருந்த தாளில் ஏதோ எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். இடம் எனக்குத்தான். கையெழுத்துப் போடும்போது கண் கலங்கிவிட்டது. அன்றைக்கும் வந்து நின்ற அப்பம் பாலிக்காரர் பக்கம் திரும்பி ஒரு தடவை நன்றாகப் பார்த்தேன். அதில் எனக்கு வெட்கமே இல்லை.

கூட்டம் கலைந்தது. தலைவர் இன்னும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் கவனித்தேன், கால் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் நோட்டீஸ் ஒன்றுகூட இல்லை.

"நோட்டீசு எப்பங்கய்யா முடிஞ்சிச்சு?"

"அது ஒம்பதரைக்கே முடிஞ்சிருச்சும்மா."

"அப்புறம் ஏன் இவ்வளோ நேரம் கால் வலியோட நின்னீங்க?"

அவர் எதிர்வரிசை ஆட்டுக்கறிக் கடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நான் நின்னாதானேம்மா வாங்குறாங்க" என்றார்.

காலையிலிருந்து மனசுக்குள் அவரைத் திட்டிய திட்டெல்லாம் வரிசையாக வந்து நின்றது. மிச்சமிருந்த பாகற்காயைப் பையில் போட்டுக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் நாலடி நடந்து போய், கம்பியில்லாமல் தள்ளாடி நின்று, திரும்பினார்.

"அடுத்த வாரத்துக்கு நான் வேண்டியதில்லம்மா. புரட்டாசி, அவங்களே வந்துருவாங்க. ஐப்பசி பொறந்து மொத சனிக்கிழமதான் ஒங்களுக்குச் சிக்கல். அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கே வந்து நின்னுர்றேன்."