கோலமாவில் போட்ட ஹோம் பிளேட்

முதலில் அந்த விதியைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் யாரும் என்னை மன்னித்துவிடக் கூடாது.

சாஃப்ட்பால் ஆட்டத்தில், அடிக்கிறவளுக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கிற கேட்சருக்கு முன்னால் தரையோடு தரையாக ஐந்து மூலையுள்ள ஒரு வெள்ளைப் பலகை பதித்திருக்கும். அதுதான் ஹோம் பிளேட். கடைசி நிறுத்தமான மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவருகிறவள் அதைத் தொட்டுவிட்டால் ஒரு ரன். தொடுவதற்குள் கேட்சர் பந்தை வாங்கி அவள்மேல் வைத்துவிட்டால் அவுட். ஆனால் பந்து கைக்கு வந்து சேரும்வரை கேட்சர் அவள் வரும் வழியில் நிற்கக் கூடாது. பிளேட்டுக்கு முன்பக்கமாக, அவள் ஓடிவரும் கோட்டுக்கு உள்ளே ஒதுங்கி நின்று, பின்பக்கத்தை அவளுக்குத் திறந்து வைக்க வேண்டும். பந்து கையுறைக்குள் விழுந்த பிறகு குறுக்கே போகலாம். அவ்வளவுதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

நான் கேட்சர். என் சிநேகிதி ஓட்டக்காரி. இரண்டு பேருக்கும் ஊர் புவனகிரி. விடிந்ததும் ஒரே பஸ்ஸில் சிதம்பரம் போய், காலேஜ் மைதானத்தில் ஆடிவிட்டு வகுப்புக்கு ஓடுவோம். அந்த மைதானத்தில் ஹோம் பிளேட் கிடையாது. இருந்த ரப்பர் பிளேட் இரண்டாகப் பிளந்துபோய், புதிது வருகிறது வருகிறது என்று சொல்லியே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். சுண்ணாம்புத் தூளாவது கொடுங்கள் என்று கேட்டால், கபடிக்கே பத்தவில்லை என்று பதில் வரும். அதனால் அவள் வீட்டிலிருந்து கோலமாவு எடுத்து வந்தாள். ஸ்கேல் கிடையாது, நூல் கிடையாது. குந்தி உட்கார்ந்து ஐந்து மூலையையும் ஒரே இழுப்பில் இழுத்து, நடுவை நிரப்பிவிடுவாள்.

"வாசல்ல ஒரு புள்ளி வைக்கச் சொன்னா எழுந்திரிக்க மாட்டா, கிரவுண்டுக்குப் போயி கோலம் போடுறா" என்று அவள் அம்மா என்னிடம் புலம்புவார்கள்.

போட்ட கோலத்தை மிதிக்க எங்களில் ஒருத்திக்கும் கால் வராது. யாராவது சறுக்கி விழுந்தால் பிளேட் மொத்தமும் காணாமல் போகும். ஒரு பாக்கெட் மாவு ஒரு வாரம் வர வேண்டும். அதனால் எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டானது. ஓடிவருகிறவள் இரண்டடி முன்னாலேயே நின்றுவிடுவாள். நான் கோட்டின்மேல் காலை அகட்டி நின்று கோலத்துக்குக் காவல் காப்பேன். பந்து வந்ததா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடம் தொண்டை கிழியக் கத்துவார்கள். "அங்க நிக்காதடி! வெளியூர்ல அம்பயர் கைய நீட்டிருவாரு. வழிய வுட்டு நில்லு!"

நான் தலையாட்டிவிட்டு மறுநாளும் அங்கேயே நிற்பேன். எனக்கு யார் சொன்னாலும் ஏறாது, அது பிறவிக் குணம். அவள் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிப்பாள். "இன்னாடி, என் கோலத்துக்கு நீ வாட்ச்மேனா?"

மாநில அணிக்கான தேர்வு கடலூரில் நடந்தது. அந்த அணியில் ஆடிய சர்டிபிகேட் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும். எங்கள் இரண்டு வீட்டிலும் அதை வைத்துத்தான் எங்களை ஆட விட்டிருந்தார்கள். எங்கள் காலேஜிலிருந்து ஒருத்தியைத்தான் எடுப்பார்கள் என்று முந்தின நாளே பேச்சு வந்துவிட்டது. பஸ்ஸில் என் மடியில் எலுமிச்சை சாத டப்பாவை வைத்துவிட்டு, "யாருக்குக் கெடச்சா இன்னாடி, ரெண்டு பேருக்கும் கெடச்ச மாதிரிதான்" என்றாள். நானும் ஆமாம் என்றேன். வாய்தான் சொன்னது.

கடலூரில் அன்று காற்றே இல்லை. மைதானத்து வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆட விட்டார்கள். அவள் எதிரணிக்குப் போய்விட்டாள். நிஜமான பிளேட்டை அன்றுதான் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, யார் மிதித்தாலும் அழியாமல் கிடந்தது.

கடைசி இன்னிங்ஸ். ஆட்டம் சமநிலையில் இருந்தது. அவள் மூன்றாவது பேஸில் நின்றாள். அடித்த பந்து நடு மைதானத்துக்குப் போனதும் கிளம்பிவிட்டாள். அங்கிருந்து எங்கள் அணிப் பெண் பந்தை எனக்கு எறிந்தாள். பந்து பாதி தூரம்கூட வரவில்லை. நான் கோட்டின்மேல் காலை அகட்டி நின்றேன்.

"வழி வுடுடி!" என்று கத்திக்கொண்டே பிளேட்டைத் தொடக் காலை நீட்டிச் சறுக்கினாள். அவள் கால் என் கால்கவசத்தில் மாட்டி, முழங்கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியது. அப்புறம்தான் பந்து வந்தது. பிடித்தேன். கீழே கிடந்தவளின் தோளில் அதை வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் கையை எனக்குப் பிடிக்கவில்லை.

அம்பயர் கையை நீட்டி, வழிமறிப்பு என்று சொல்லி அவளுக்கு ரன் கொடுத்தார். அதைப் பார்க்கும் நிலையில் அவள் இல்லை.

ஆட்டோவில் அவள் தலை என் மடியில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த மேடம், "எத்தன தடவ சொன்னேன், எத்தன தடவ சொன்னேன்" என்று அழுதார்கள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள்தான், "அவளத் திட்டாதீங்க மேடம், அது பழக்கத்துல வந்தது. என் கோலமாவு செஞ்ச வேல" என்றாள். நானும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கேட்டவர்களிடமெல்லாம் பழக்கம் என்று சொன்னேன்.

பழக்கம்தான், பாதி. அவள் கத்தியது என் காதில் விழுந்தது. தெளிவாக விழுந்தது. ஓர் எட்டு உள்ளே நகர்ந்திருந்தால் போதும், அதற்கு நேரமும் இருந்தது. இந்த ரன்னை எடுத்தால் அந்த ஓர் இடம் அவளுக்குத்தான் என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. நகரவில்லை.

ஜவ்வு கிழிந்துவிட்டது, இனி ஓட முடியாது என்று டாக்டர் சொன்னார். புவனகிரியிலிருந்து ஓடிவந்த அவள் அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கூட இல்லன்னா எம்பொண்ணு தனியா கெடந்திருக்கும்மா" என்றார். அவர் வாங்கிக் கொடுத்த டீயை நான் குடித்தேன். நான்கு நாள் கழித்துப் பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. அவ்வளவு மோதலிலும் பந்தை விடாத பெண் என்று தேர்வுக்குழுவில் பாராட்டினார்களாம்.

இப்போது எனக்குக் கடலூரில் அரசாங்க ஆபீஸில் வேலை. அவள் புவனகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். போன பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தெருவெல்லாம் கலர் கலராகக் கோலம். அவள் வாசலில் மட்டும் கடையில் வாங்கின ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"ஸ்டிக்கரா?" என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"குந்த முடியலடி" என்றாள், சாதாரணமாக. பிறகு என் முகத்தைப் பார்த்து, நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து, என் முழங்காலைத் தட்டினாள்.

"நீ ஏன்டி மூஞ்சத் தூக்கி வச்சிக்கிற. எம்மேலதான் தப்பு. அன்னிக்கி நான் இன்னும் கொஞ்சம் சத்தமா கத்தியிருக்கணும். உங்காதுல வுழுந்திருந்தா நீ நவுந்திருப்ப. எனக்குத் தெரியாதா உன்ன?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"அன்னிக்கி காத்து ஜாஸ்திடி" என்றேன்.

"ஆமாமா, கடல் காத்து" என்றாள். எனக்குக் காபி போடுவதற்காக, சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள்.