கவிழ்ந்து முடியும்வரை உட்கார்ந்திரு

1. நெஞ்சளவுத் தண்ணீர்

பவர்போட் ரேஸில் சேர வேண்டுமென்றால் முதலில் உங்களைக் கவிழ்ப்பார்கள். அதுவும் ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில், சுற்றிலும் நாலு பேர் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது.

நான் பாண்டிச்சேரி குருசுக்குப்பத்தில் அவுட்போர்டு எஞ்சின், அதாவது படகின் பின்னால் மாட்டும் எஞ்சின், மெக்கானிக். ஃபைபர் போட்டு எஞ்சின்களைப் பிரித்துப் பிரித்துக் கை கறுத்தவன். ரேஸ் ஓட்ட வேண்டும் என்று ஒருநாளும் கனவு கண்டதில்லை. கனவு கண்டது கௌசல்யா. பக்கத்தில் சாரம் பகுதிப் பெண். சுண்ணாம்பாற்றில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஸ்பீடுபோட்டு ஓட்டுகிறவள். நம் கடற்கரையில் ரேஸ் நடக்கப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு ரேஸ் போட்டைக் கடனாகப் பிடித்துக்கொண்டு வந்து, "எஞ்சின் உங்க பொறுப்புண்ணே" என்றாள். சென்னை, பெங்களூர், கோவா டீம்களுக்கு நடுவில் பாண்டிச்சேரிக்கென்று இருந்தது எங்கள் போட்டு ஒன்றுதான். ஸ்பேனரோடு கரையில் நிற்பதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

ரேஸுக்கு முந்தின நாள் காலையில் எங்கள் நேவிகேட்டர் படகுத்துறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். இந்த வகைப் போட்டில் இரண்டு சீட்டு. ஒருவர் ஓட்டுவார், பக்கத்தில் உட்காரும் நேவிகேட்டர் நாலு திசையும் பார்த்துச் சொல்வார். ஒரு சீட்டு காலியாக இருந்தால் போட்டைத் தண்ணீரிலேயே இறக்க விட மாட்டார்கள்.

கௌசல்யா என்னைப் பார்த்தாள். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

"எனக்கு நாப்பத்தெட்டு வயசும்மா. இந்தத் தொப்பைக்கே தனியா ஒரு சீட்டு வேணும்."

"எஞ்சின் சத்தத்த வெச்சே எல்லாம் சொல்லுவீங்க. வேற யாரு இருக்காண்ணே? மூணு வருஷமா இதுக்குத்தான் அலையிறேன்."

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னால், என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: "கடல்ல இன்னா ஆனாலும் பரவால்ல. நீச்சல் குளத்துல மட்டும் மூழ்கிடாதய்யா. குப்பத்துல நான் தலை காட்ட முடியாது."

2. முதல் கவிழ்ப்பு

பாதுகாப்பு அதிகாரி ஒரு சொல்தா. அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எல்லோரும் அவரை முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிட்டார்கள். குளத்தில் ஓர் இரும்புக் கூண்டு, அதற்குள் ஒரு ரேஸ் சீட்டு. அதில் என்னை உட்காரவைத்து, தோளிலும் இடுப்பிலும் பெல்ட் போட்டு, தலையில் ஹெல்மெட்டை மாட்டினார்.

"கூண்டு கவுறும். கவுந்து நிக்கிற வரைக்கும் பெல்ட்டத் தொடாத. ஒரு கையால கம்பியப் புடிச்சுக்கோ. நின்னப்புறம் இன்னொரு கையால பெல்ட்ட அவுத்துட்டு, கம்பியப் புடிச்சாப்லயே வெளிய வா. ரெண்டு தடவதான் சான்ஸு."

"நான் கடல்ல பொறந்தவன் முசே" என்றேன்.

கூண்டு சாய ஆரம்பித்தது. அடுத்த வினாடி என் கை பெல்ட்டை அவிழ்த்துவிட்டது. நான் சொல்லவில்லை, அதுவாகவே அவிழ்த்தது. அதற்குப் பிறகு எது மேல், எது கீழ் என்று தெரியவில்லை. மூக்கு வழியாகப் பாதி குளம் உள்ளே போனது. வாசல் என்று நினைத்து சீட்டையே துளைக்கப் பார்த்தேன். கடைசியில் எதையோ கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். அது, ஆபத்தென்றால் தூக்குவதற்காகக் குளத்தில் நின்றிருந்த டைவரின் கால்.

"விடுங்கண்ணே! நின்னா நெஞ்சளவு தண்ணிதான்!" என்று கத்தினார் அவர். நான் விடவில்லை. காபி குடித்தவர்களில் ஒருவர் கை தட்டினார்.

முசே குனிந்து என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, போட்டு இன்னும் கவுந்தே முடியல. நீ அதுக்குள்ள எறங்கிட்ட."

"கவுற போட்டுலேர்ந்து குதிக்கிறதுதானே முசே வழக்கம்? எங்க குப்பத்துல கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"அது ஃபைபர் போட்டு. அலையில மெதுவா சாயும், குதிச்சிடலாம். இது மணிக்கு நூறு கிலோமீட்டர்ல பொரளும். நடுவுல பெல்ட்ட அவுத்தா நீ ஒரு பக்கம் போவ, உன் தல ஒரு பக்கம் போவும். துஸ்மா, துஸ்மா. மெதுவாப்பா."

கௌசல்யா குளத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் திட்டவில்லை.

"அண்ணே, சூடா இருக்கிற எஞ்சின்ல பிளக்கக் கழட்டுவீங்களா?"

"மாட்டேன். கை வெந்துடும்."

"இன்னா செய்வீங்க?"

"ஆறட்டும்னு ஒக்காந்திருப்பேன்."

"அதேதான். ஆறட்டும்."

இரண்டாவது முறை கூண்டு சாய்ந்தபோது மாதாவில் தொடங்கி அங்காளம்மன் வரை எல்லாரையும் கூப்பிட்டேன். மூச்சைப் பிடித்திருந்ததால் ஒருவருக்கும் கேட்டிருக்காது. கை துடித்தது. ஆறட்டும், ஆறட்டும் என்று சொல்லிக்கொண்டு தலைகீழாகத் தொங்கினேன். கூண்டு நின்றது. பெல்ட்டை அவிழ்த்தேன். கம்பி வழி காட்டியது. வெளியே வந்து, வேண்டுமென்றே நிதானமாக எழுந்து நின்றேன்.

"பாஸ்" என்றார் முசே.

3. மூன்றாவது சுற்று

ரேஸ் என்றால் நேராக ஓடுவது என்று பலர் நினைக்கிறார்கள். கடலில் மிதவைகளைப் போட்டு, அவற்றைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். மஞ்சள் கொடி காட்டினால் விபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் எல்லோரும் நிற்க வேண்டும். எஞ்சினின் சாய்மானத்தை மாற்றுவதற்கு டிரிம் என்று பெயர். டிரிம்மைத் தூக்கினால் போட்டின் மூக்கு எழும்பும், வேகம் கூடும். அளவு மீறித் தூக்கினால் போட்டு பறவையாகிவிடும். ஓட்டுகிறவருக்குப் பின்னால் வருவது தெரியாது. அதைப் பார்த்து, கொடியைப் பார்த்து, அலையைப் பார்த்து, எஞ்சின் சூட்டையும் பார்த்து ஹெல்மெட் மைக்கில் கத்துவதுதான் நேவிகேட்டர் வேலை. கத்துவதில் எனக்குக் குறையே கிடையாது.

முதல் இரண்டு சுற்றும் நன்றாகப் போனது. மூன்றாவதில், மிதவையைத் திரும்பும்போது, எங்களை முந்திய போட்டு கிளப்பிய அலையும் கடலின் அலையும் ஒன்றாக வந்து அடித்தன. எங்கள் போட்டு என் பக்கமாகச் சாய்ந்து, எழும்பி, பக்கவாட்டில் நின்றது. என் முகத்துக்குப் பக்கத்தில் கடல். தலைக்கு மேலே கௌசல்யா.

என் வலது கை பெல்ட் கொக்கிக்குப் போய்விட்டது. விரல் அதன் மேலேயே இருந்தது. அழுத்தினால் குதிக்கலாம். குப்பத்து உடம்பு முழுவதும் குதி, குதி என்கிறது. இன்னும் கவிழ்ந்து முடியவில்லையே என்று ஒரு சின்ன நினைப்பு. விரலை எடுத்துக் கம்பியைப் பிடித்தேன்.

போட்டு கவிழவில்லை. ஒரு கணம் யோசித்துவிட்டு, தடாலென்று நிமிர்ந்து விழுந்தது. பெல்ட்டை அவிழ்த்திருந்தால் நான் மட்டும் கடலில் கிடந்திருப்பேன். சிவப்புக் கொடி விழுந்திருக்கும். மூன்று வருஷ அலைச்சல் அங்கேயே முடிந்திருக்கும்.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்! பின்னால யாரும் இல்ல! போ, போ, போ!"

என் குரல் பூனைக்குட்டி மாதிரி வந்தது. அவளுக்கு அது போதும். வேகத்தைக் கூட்டினாள். எங்களை முந்திய போட்டைக் கடைசி மிதவையில் பிடித்து, தாண்டி, எட்டுப் போட்டில் ஐந்தாவதாக முடித்தோம்.

4. கரையில்

ரேஸ் முடிந்ததும் போட்டுகளைச் சோதனை செய்வார்கள். வெளியூர் அதிகாரி ஒருவர் கிரீஸ் படிந்த என் நகங்களைப் பார்த்துவிட்டு, "மெக்கானிக்லாம் வெளிய நில்லுங்க. டிரைவரும் நேவிகேட்டரும் மட்டும் உள்ள வாங்க" என்றார்.

"இவருதான் என் நேவிகேட்டர்" என்றாள் கௌசல்யா, கரையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படியாக.

அதிகாரி என் கையைப் பார்த்தார். "ஏன் சார் நடுங்குது?"

"எஞ்சின் இன்னும் நியூட்ரல்ல ஓடுது சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

இந்த விளையாட்டுக்கு வர நினைக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்கிறேன். கடல் பழக்கம் இருக்கிறது என்று தைரியமாக வராதீர்கள். பயம் கட்டாயம் வரும். அது வரும்போது கையை எங்கே வைப்பது என்று குளத்திலேயே பழகிவிடுங்கள். பழகும்போது நாலு பேர் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கௌசல்யா அடுத்த ரேஸுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். நேவிகேட்டர் பெயர் எழுதும் இடத்தில், என்னைக் கேட்காமலே, என் பெயரை எழுதியிருக்கிறாள்.