ரீனாவின் கட்டை விரலும் மூன்று கேம்பேடுகளும்

வரதராசன்பேட்டை ரேஷன் கடையின் கைரேகை இயந்திரம் இரண்டு வருடமாக ரீனாவை யாரென்றே தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. வலது கட்டை விரலை வைத்தாலும் சிவப்பு, இடது கட்டை விரலை வைத்தாலும் சிவப்பு. பத்து விரல்களையும் வைத்துப் பார்த்துவிட்டாள். விட்டிருந்தால் கால் விரலையும் வைத்திருப்பாள். கடைசியில் அவள் கணவன் சவரியார், சுண்ணாம்புக்கல் லாரிக்கு லீவு போட்டுவிட்டு வந்து விரல் வைத்து அரிசி வாங்குவான்.

இயந்திரத்தைக் குற்றம் சொல்ல முடியாது. பத்தொன்பது வயதிலிருந்து முப்பத்தேழு வயது வரை ரீனா முந்திரிக்கொட்டை உடைத்தவள். வறுத்த கொட்டையின் தோலில் ஊறியிருக்கும் கறுப்பு எண்ணெய் பட்ட இடத்தைப் பொசுக்கும். அதற்காக அடுப்புச் சாம்பலைக் கையில் பூசிக்கொண்டுதான் உடைக்க உட்காருவார்கள். அப்படிப் பூசியும் அவள் விரல்களில் ரேகை இல்லை. தோல் உரிந்து, வளர்ந்து, மறுபடி உரிந்து, வழவழவென்று போயிருந்தது. போன மாசி மாதம் வலது கட்டை விரல் ஓரத்தில் வெடிப்பு விட்டு ஆறாமல் நின்றது. ஜெயங்கொண்டத்தில் டாக்டர் விரலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எண்ணெய் படாமல் மூன்று மாதம் இருந்தால் தோல் திரும்பும், இல்லையென்றால் புண் உள்ளே இறங்கும், அப்புறம் என்னிடம் வராதே, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் கொட்டை உடைக்காமல் இருக்க வேண்டுமானால் வேறு வேலை வேண்டும். ரீனாவுக்குத் தெரிந்த வேறு வேலை ஒன்றே ஒன்றுதான். அது வேலையே இல்லை என்று அவளுடைய அம்மா சின்ன வயதில் விறகுக் கட்டையால் அடித்துச் சொல்லியிருந்தாள்.

டிவி கேம் ஆடுவது.

ரீனா நான்காம் வகுப்புப் படிக்கும்போது கோயில் தெருவில் ஒருவர் வீட்டுக் கூடத்தில் டிவியும் கேசட் போடும் பெட்டியும் வைத்து வாடகைக்கு விட்டார். தலையில் முண்டாசு கட்டிய குரங்கொன்று ஆறு, மலை, பாலமெல்லாம் தாண்டிப் போகும் ஆட்டம் அதில் பிரசித்தம். எட்டுக் கட்டம். ரீனாவை விட்டால் ஏழாம் கட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் கிடையாது. ஒருநாள் அவள் ஆடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிற்று. அவள் கையிலிருந்ததைக் கீழே வைக்கவில்லை, பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தபோது குரங்கு விட்ட இடத்திலிருந்து இரண்டு பாலம் தள்ளி நின்றது. நம்பாதவர்கள் அந்தத் தெருவில் கேட்டுப் பார்க்கலாம். பத்துப் பேரில் நாலு பேர் ஆமாம் என்பார்கள். மற்ற ஆறு பேர் அப்போது பிறந்திருக்கவில்லை.

சேதியைக் கொண்டுவந்தவன் சவரியார். பெரம்பலூரில் கம்ப்யூட்டர் விற்றுப் பழுது பார்க்கும் ராசாங்கம் என்பவர், அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை பிடித்திருந்தார். பழைய டிவி கேமையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பன்னிரண்டு இருக்கை போடப் போகிறார். மீசை நரைக்கத் தொடங்கியவர்கள் கூச்சப்பட்டுக்கொண்டு அந்த ஆட்டங்களைக் கேட்டு வருகிறார்களாம். கடையைப் பார்த்துக்கொள்ள ஆட்டம் தெரிந்த ஆள் வேண்டும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

ரீனா போனபோது அங்கே ஏற்கெனவே ஒருவன் உட்கார்ந்திருந்தான். வேப்பந்தட்டைப் பக்கத்துப் பாலாஜி, டிப்ளமோ படித்தவன். சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தான், ஒன்று கூட எழுதாது என்பது பின்னால் தெரிந்தது.

ராசாங்கம் மேசை மேல், இரு கையிலும் பிடித்துப் பொத்தானை அமுக்கி ஆடும் கேம்பேடுகள் மூன்றைப் பரப்பி வைத்தார். விதி இதுதான். ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முண்டாசுக் குரங்கு ஆட்டம், மூன்று உயிர். யார் அதிக தூரம் போகிறாரோ அவருக்கு வேலை, அவர் எடுத்த கேம்பேடு பன்னிரண்டு இருக்கைக்கும். அதாவது வெறும் கை வேகம் போதாது, எது நல்லதென்றும் தெரிந்திருக்க வேண்டும்.

பாலாஜி பார்த்த மாத்திரத்தில் முதலாவதை எடுத்துவிட்டான். ஒயர் கிடையாது, விளிம்பில் நீல விளக்கு ஓடும், இரண்டு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். ஆட உட்கார்ந்தான். நன்றாகத்தான் ஆடினான். ஆறு கட்டம் தாண்டி ஏழாம் கட்டத்துப் பாலத்துக்கு வந்துவிட்டான். அந்தப் பாலத்தில் ஒன்பது பலகை. மிதித்த பலகை உடனே விழும். வலது பக்கம் மட்டும் அமுக்கிக்கொண்டு தாவ வேண்டும். விரல் கொஞ்சம் மேலே பட்டுவிட்டால் குரங்கு கயிற்றைப் பிடித்துத் தொங்கும், தொங்கினால் ஆட்டம் போயிற்று. ஆறாவது பலகையில் பாலாஜியின் கடைசிக் குரங்கு ஆற்றில் விழுந்தது.

"அமுக்குனேன் சார், அது லேட்டா குதிக்குது" என்றான்.

ராசாங்கம் ஒரு தாளில் 'ஏழு, ஆறாம் பலகை' என்று எழுதி வைத்துக்கொண்டு ரீனாவைப் பார்த்தார்.

ரீனா மீதி இரண்டையும் மாற்றி மாற்றிக் கையில் எடுத்தாள். ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் சொருகி, இடது பக்கம் இருக்கும் திசைப் பொத்தானில் கட்டை விரலை வைத்தாள். கூட்டல் குறி மாதிரி இருக்கும் அதை அவள் சிறுவயதிலிருந்து சிலுவை என்றுதான் சொல்லுவாள். வலது கையை அதன் மேல் வைக்க முடியாது, ஆட்டத்தில் சிலுவை இடது கைக்கு, குதிப்பு வலது கைக்கு. வலதை அமுக்கியபடியே விரலை மேலும் கீழும் உருட்டி, குரங்கு தப்பித் தவறிக் கயிற்றுக்குத் தாவுகிறதா என்று பார்த்தாள். இரண்டிலும் தாவவில்லை. குதிப்புப் பொத்தானைத் தட்டினாள். இரண்டிலும் தட்டிய நொடியே குதித்தது. அரை மணி நேரம் ஆயிற்று.

"அக்கா, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குறீங்க" என்றான் பாலாஜி.

"பொண்ணு பாக்கப் போனா காபியாவது குடுப்பாங்க தம்பி."

ராசாங்கம் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டாவது கேம்பேடு லேசானது, பொத்தான்கள் வெண்ணெய் மாதிரி இறங்கின. வெடிப்பு விட்ட வலது கட்டை விரலுக்கு அதைவிட இதமானது கிடைக்காது. மூன்றாவது கனம், பொத்தான்கள் விறைப்பு. ஒவ்வொரு அமுக்கலுக்கும் விரல் ஓரத்தில் சுருக்கென்றது. ஜெயிக்க வேண்டுமானால் இரண்டாவது. அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ரீனா இரண்டையும் கவிழ்த்தாள். இரண்டாவதன் முதுகில் ஒன்றும் இல்லை, இரு பாதியையும் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்றாவதில் நான்கு ஸ்குரூ இருந்தது. ஜன்னல் வழியே சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் தெரிந்தன. ஜன்னல் கட்டையில் அன்று காலை துடைத்த ஈரம் காய்வதற்குள் வெள்ளைப் புழுதி படிந்திருந்தது. அவளுடைய பார்வை ஜன்னலுக்கும் கேம்பேடுக்கும் நடுவே நாலைந்து தடவை போய் வந்தது.

"ஏம்மா, பின்னாடி என்ன தேடுற? வெலை அங்க போட்டிருக்காது."

"தொறக்க முடியுமான்னு பாக்குறேண்ணே."

"தொறந்து?"

மூன்றாவதை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாலாஜிக்கு நிம்மதியாக இருந்திருக்கும், நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

இங்கேதான் ரீனா அந்தக் காரியத்தைச் செய்தாள். உள்ளங்கை வியர்த்திருந்தது. பதினெட்டு வருடமாகக் கை வியர்த்து வேலைக்கு உட்காரும்போது என்ன செய்வாளோ அதைச் செய்தாள். கொட்டை உடைக்கப் போகும்போது கொண்டுபோகும் அதே பைக்குள் கை விட்டு, சாம்பல் போட்டு வைத்திருந்த பவுடர் டப்பாவைத் திறந்து, ஒரு கை சாம்பல் அள்ளி இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டாள். அவள் புத்தி குரங்கின் மேல் இருந்தது, கை கொட்டை உடைக்கப் போய்விட்டது.

ஐந்து கட்டம் வரை ஒரு குறையும் இல்லை. விரல் வலித்தது, ஆனால் குரங்கு சொன்னபடி கேட்டது. ஆறாம் கட்டத்தில், நின்றிருந்த குரங்கு தானாக இடது பக்கம் நடந்து முள்ளில் விழுந்தது. ஓர் உயிர் போயிற்று. அடுத்ததும் அப்படியே. சிலுவையை அமுக்கினால் நறநறவென்று மணல் அரைக்கிற சத்தம். இடது பக்கம் இறங்கினால் மேலே வர மறுத்தது. ரீனா குனிந்து பார்த்தாள். சிலுவையைச் சுற்றிலும் சாம்பலும் வியர்வையும் குழைந்து சாம்பல் நிறக் களி மாதிரி நின்றது. அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள்.

மீதம் ஒரே உயிர். ஆறாம் கட்டத்தையே தாண்டவில்லை.

நடுப் பொத்தானை அமுக்கி ஆட்டத்தை நிறுத்திவைத்தாள். பையிலிருந்து முந்திரிப் பருப்பின் தோல் உரிக்கும் சின்னக் கத்தியை எடுத்தாள். தேய்ந்து தேய்ந்து ஊசி மாதிரி ஆகியிருந்த அதன் முனையை முதல் ஸ்குரூவில் வைத்துத் திருகினாள்.

"சார், இது ஆட்டமா, மெக்கானிக் கடையா?" பாலாஜி எழுந்துவிட்டான். "அவங்களா தூசியக் கொட்டிட்டு அவங்களே தொடைக்கிறாங்க. நான் தொறந்தேனா?"

"உன்னுத தொறக்க முடியுமா?" என்று கேட்டார் ராசாங்கம். அவர் குரலில் கோபமா, நிஜமாகவே கேட்கிறாரா என்று இருவருக்குமே தெரியவில்லை. "அஞ்சு நிமிசம் தரேன்மா. அதுக்கு மேல ஆட்டம் முடிஞ்சதா அர்த்தம்."

நான்காவது ஸ்குரூ எளிதில் வரவில்லை. முனையருகே பிடித்திருந்த கத்தி வழுக்கி வலது கட்டை விரலில் ஏறியது. ரத்தம் மேசையில் படாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டு இடது கையால் திருகினாள். மூடி கழன்றது. சிலுவைக்கு அடியில் இருந்த ரப்பர் விரிப்பை எடுத்துத் தண்ணீர் பாட்டிலில் நனைத்த முந்தானையால் துடைத்தாள். உலர்ந்த பக்கத்தால் மறுபடி ஒற்றினாள். உள்ளே இருந்த பச்சை நிற சர்க்யூட் அட்டையை ஊதினாள். மூடும்போது ஒரு ஸ்குரூ உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. தேட நேரமில்லை. மூன்றைப் பூட்டி, நான்காவது மூலையை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கைகளைப் புடவையில் அழுத்தித் துடைத்துவிட்டு நடுப் பொத்தானைத் தட்டினாள்.

ஆறாம் கட்டம் தாண்டியது. பாலம் வந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று பலகை. நான்கு. ஐந்து. பாலாஜி மேசையருகே வந்து நின்றான். ஆறு. அவன் விழுந்த பலகை. அவளுடைய இடது கட்டை விரல் வலது பக்கத்தை விட்டு ஒரு நூல் கூட மேலே போகவில்லை. வலது விரலுக்கு அடியில் பொத்தான் ரத்தத்தில் வழுக்கியது. அமுக்கினாள்.

ஏழாவது பலகையில் குரங்கு நின்றது. எட்டாவதுக்குத் தாவும்போது அவள் விரல் வழுக்க, குரங்கு ஆற்றில் விழுந்தது.

ஒரு பலகை அதிகம். அவ்வளவுதான்.

ராசாங்கம் தாளில் ஒன்றும் எழுதவில்லை. கேம்பேடை வாங்கி, முதுகைத் திருப்பி, மூன்று ஸ்குரூவையும் ஒரு காலித் துளையையும் பார்த்தார். ஜன்னல் கட்டையில் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தார். பிறகு பெரம்பலூருக்குப் போன் போட்டு, கனமானதில் பன்னிரண்டு அனுப்பச் சொன்னார். கேம்பேடு தேறிவிட்டது. ஆள் தேறியதா என்று அவர் சொல்லவில்லை. பாலாஜி பேனாக்களைச் சரிசெய்துகொண்டான். ரீனா பையை எடுப்பதா வேண்டாமா என்று நின்றாள்.

"திங்கக்கெழம ஒம்பது மணி" என்றார் ராசாங்கம், யாரையும் பார்க்காமல். "அந்த டப்பாவ மட்டும் வூட்டுலயே வச்சிட்டு வாம்மா."

மேசைக்கு அடியில் போன ஸ்குரூவைத் திங்கட்கிழமை அவளே பெருக்கி எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாலாஜி வந்து ஆடுகிறான். எட்டாவது பலகையை இன்னும் அவன் பார்க்கவில்லை. உள்ளே நுழைபவர்கள் எல்லாரும், மீசை நரைத்தவர்களும், குழாயடியில் கை கழுவிவிட்டு ரீனாவிடம் உள்ளங்கையை நீட்டிக் காட்ட வேண்டும். போலீஸ்காரர் ஒருவர் காட்ட மாட்டேன் என்றாராம். அவர் இன்றும் படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்வி.

நான்காவது மாதம் ரேஷன் கடைக்கு ரீனாவே போனாள். சவரியாரை லீவு போட வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கடையில் இருந்த சுகன்யா அவளைப் பார்த்ததும் சலித்துக்கொண்டு இயந்திரத்தை நகர்த்தி வைத்தாள். ரீனா வலது கட்டை விரலை வைத்தாள். சிவப்பு.

"எடுத்துட்டுத் திரும்ப வைங்கக்கா. அமுக்காதீங்க, சும்மா வைங்க."

விரலைப் புடவையில் துடைத்து மறுபடி வைத்தாள். இயந்திரம் யோசித்தது. பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். ரீனா விரலை அசைக்கவில்லை, வலது பக்கமும் இல்லை, மேலேயும் இல்லை.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அவள் பெயர் வந்தது.

"எடுங்கக்கா, ஆயிடுச்சு" என்றாள் சுகன்யா.

"இன்னொரு தடவ வச்சுப் பாக்கட்டுமா?"

"பின்னாடி ஆளுங்க நிக்குது."

"ஒரே ஒரு தடவ" என்றாள் ரீனா.