லிஸ்பனில் ஒரு வேணாம்ணே

திண்டுக்கல்லில் என் வீட்டுக்காரர் காப்பி கேட்பதற்காக வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. பெயிண்ட், ஹார்டுவேர் விற்கிற கடை அவருடையது. எதிர்ச்சாரியில் டீக்கடை. கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒரு விரலைத் தூக்கினால் அவருக்கு மட்டும். இரண்டு விரல் என்றால் வந்திருக்கிற ஆளுக்கும் சேர்த்து. கண்ணாடி டம்ளரில் நுரை தளும்ப, சீனி கொஞ்சம் தூக்கலாக, காப்பி ரோட்டைத் தாண்டி வந்துவிடும்.

அப்படிப்பட்ட மனுஷரைப் போர்ச்சுகலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் மகளுக்கு லிஸ்பனில் வேலை. அவளையும் பார்த்துவிட்டு, பாத்திமா மாதா கோயிலுக்கும் போய்வரலாம் என்பது என் திட்டம். போன இடத்தில் வயிறு கெடாமல் இருந்தால் போதும் என்பது அவர் திட்டம்.

வத்தலக்குண்டில் சொல்லி அரைத்த காப்பித்தூளைப் பெட்டியில் வைத்திருந்தோம். லிஸ்பன் போய்ப் பெட்டியைப் பிரித்தால் தூள் இருந்தது, ஃபில்டர் இல்லை. நான் வைத்திருப்பேன் என்று அவரும், அவர் வைத்திருப்பார் என்று நானும் நினைத்திருக்கிறோம். அதைப் பற்றி அன்று காலை நாங்கள் பேசிக்கொண்டதை இங்கே எழுத வேண்டாம். மகள் கிரீன் டீ குடிக்கிறவள். அவளுக்கு இது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை.

"கீழ தெருமுனையில ஒரு காப்பிக் கடை இருக்கும்மா. பழைய கடை, இங்கிலீஷ் அவ்வளவா தெரியாது. என்ன கேக்கணும்னு வாட்ஸ்அப்ல அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள்.

கடையில் உட்கார்ந்து செய்தியைப் பார்த்தேன். மூன்று வார்த்தை, இங்கிலீஷ் எழுத்தில். முதல் இரண்டும் சுலபம். மூன்றாவது எல், ஈ, ஐ, டி, ஈ. அதுதான் பால். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்த வாய் என்னுடையது. அது சற்றும் யோசிக்காமல் அந்த வார்த்தையை 'லேட்' என்று தீர்மானித்தது.

சர்வர் வந்தார். எங்கள் வயதுதான் இருக்கும். அடர்ந்த மீசை, வெள்ளை ஏப்ரன்.

"கஃபே, கோம் லேட்" என்றேன், வகுப்பறைக் குரலில்.

அவர் என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "லேட்? ஓகே, லேட்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

போனவர் வரவே இல்லை. எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். என் வீட்டுக்காரர் மேசையை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். "என்ன டீச்சர், காப்பிச் செடி நட்டுத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்காங்களா?" என்றார். காப்பியை லேட்டாகக் கொண்டுவரச் சொன்னது நான்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒரு வழியாக வந்தது. இரண்டு குட்டிக் கோப்பைகள். இருமல் மருந்து பாட்டிலின் மூடி அளவில் கறுப்பாக ஏதோ ஒன்று. என் வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்தார். அவருக்கு ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"கசாயம்" என்றார். "இதுல பாலே இல்ல."

"நான் வேற மாதிரி கேட்டுப் பாக்குறேங்க."

"நீ கேட்டதெல்லாம் போதும். செத்த நேரம் சும்மா இரு." அவர் கையைத் தூக்கினார். சர்வர் வந்தார். இவர் கூச்சமே இல்லாமல் நல்ல தமிழில் ஆரம்பித்தார். "அண்ணே, பால். பால் வேணும். பால்!"

சர்வரின் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு கூடையில் ரொட்டி எடுத்து வந்து வைத்தார். அவர்கள் ஊரில் ரொட்டிக்கு 'பாவ்ங்' என்பது போல ஏதோ பெயர். இவர் சொன்ன பால் அவர் காதில் ரொட்டியாகப் போய் விழுந்திருக்கிறது.

"பாலுங்கிறேன், பன்னைக் கொண்டாந்து வைக்கிறாரே" என்றவர், அடுத்து ஒரு காரியம் செய்தார். நாற்காலியை லேசாகப் பின்னால் தள்ளி, முழங்காலை அகட்டி, இரண்டு கையாலும் பால் கறந்து காட்டினார். கறந்ததோடு விடாமல் 'ம்மா' என்று மாடு மாதிரி கத்தியும் காட்டினார். பக்கத்து மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் பேப்பரைத் தாழ்த்திவிட்டார். நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல முகத்தை நுழைத்துக்கொண்டேன்.

ஆனால் சர்வருக்குப் புரிந்துவிட்டது. "ஆ! லெய்த்!" என்று சிரித்தார். பிறகு ஒரு கையை மேசை மேல் வைத்து, இன்னொரு கையை அதற்கு மேலே நன்றாக உயர்த்தி, "கலாவ்ங்? கலாவ்ங்?" என்று கேட்டார். உயரமான கண்ணாடித் தம்ளரில் நிறையப் பால் விட்ட காப்பிக்கு அங்கே அதுதான் பெயர். எங்களுக்கு வேண்டியதே அதுதான். இது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

பெயிண்ட் கடைக்காரர் காதில் அது 'கேலன்' என்று விழுந்தது. கேலன் என்றால் அவருக்குத் தகர டின், அதைத் தூக்க ஓர் ஆள். சர்வர் கையால் காட்டிய உயரமும் ஏறக்குறைய ஒத்துப்போயிற்று.

"ஐயோ, அம்புட்டையும் எவன் குடிக்கிறது!" பதறிப்போய் இரண்டு கையையும் விரித்து ஆட்டினார். முன்னால் இருந்த குட்டிக் கோப்பையையும் சேர்த்துத் தள்ளினார். "வேணாம்ணே! வேணாம்ணே!"

சர்வரின் சிரிப்பு அப்படியே நின்றது.

"வெனேனோ?" என்றார் மெதுவாக.

தன் தமிழை ஒருவர் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்ட சந்தோஷம் இவருக்கு. "ஆமாண்ணே, வேணாம்ணே" என்று பலமாகத் தலையாட்டி, கோப்பையைச் சுட்டியும் காட்டினார்.

சர்வர் கோப்பையை எடுத்து முகர்ந்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு எங்கள் கண்முன்னாலேயே மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் குடித்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஒன்றும் ஆகவில்லை பார் என்பது போல இருந்தது அந்த நிற்பு. பேப்பர் பெரியவர் தன் கோப்பையை மெல்ல நகர்த்தி வைத்தார். உள்ளேயிருந்து கடைக்கார அம்மா வந்தார். குட்டையான, கனத்த உருவம், இடுப்பில் இரண்டு கை. சர்வர் எங்களைக் காட்டி மளமளவென்று சொன்னதில் 'வெனேனோ' மட்டும் மூன்று நான்கு தடவை வந்தது.

"என்னங்க, நீங்க என்னமோ தப்பாச் சொல்லிட்டீங்க" என்றேன்.

"வேணாம்னு சொல்றதுல என்ன தப்பு? அவரு எச்சிக் காப்பியக் குடிக்கிறாரு. அது தப்பில்லையா?"

மகளுக்குப் போன் போட்டேன். மீட்டிங்கில் இருந்தாள் போல, கிசுகிசுவென்று பேசினாள். "என்னம்மா?"

"இங்க ஒரே ரகளையா இருக்குடி. எல்லாரும் எங்களையே சுத்தி நிக்கிறாங்க."

"அப்பா என்ன சொன்னாரு?"

"காப்பி வேணாம்ணேன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

அந்தப் பக்கம் ஒரு விக்கல் மாதிரி கேட்டது. அப்புறம் மீட்டிங், கீட்டிங் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே தெறித்தது. "அம்மா, வெனேனோன்னா இங்க விஷம்மா! காப்பியில விஷம்னு சொல்லியிருக்காரு!"

ஸ்பீக்கரில் போட்டுக் கடைக்கார அம்மாவிடம் நீட்டினேன். மகள் சிரிப்புக்கு நடுவில் விளக்கினாள். அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. கடைசியில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சர்வர் மட்டும் சிரிக்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு, மீசையைத் தடவியபடி சிரித்தார். பெரியவர் தன் காப்பியைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

கேலன் வந்தது. கொதிக்கக் கொதிக்க, மேலே நுரையோடு. என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் அந்த அம்மாவிடம், "ஆத்தணும்மா, இன்னொரு கோப்பை" என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவோ, "கோப்பு?" என்று கேட்டு, உடனே ஒரு காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்!

என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து நின்று கையை உயர்த்திக் காப்பியை ஆற்றினார். கடையே பார்த்தது. முதல் தடவை அழகாக விழுந்தது. கைதட்டல் கேட்டதும் கையை இன்னும் உயர்த்தினார், பாதி மேசையில் போயிற்று. "ஐயையோ, மேசையெல்லாம் காப்பி" என்றார்.

"மேஸா! மேஸா!" என்று அந்த அம்மா துணியோடு ஓடிவந்தார்.

அவ்வளவுதான், என் வீட்டுக்காரருக்குப் பிடித்துக்கொண்டது. ஜன்னலைக் காட்டி "ஜன்னல்" என்றார். "ஜனேலா" என்றார் அந்த அம்மா. சட்டைப் பையிலிருந்து மகள் வீட்டுச் சாவியை எடுத்துக் காட்டினார். "ஷாவ்" என்றார் சர்வர். இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

"பாத்தியா? இவுங்க பாதித் தமிழ்தான் பேசுறாங்க. நீதான் இங்கிலீஷப் பேசிக் கெடுத்துட்ட."

"அந்தக் காலத்துல இவங்க நம்ம கடற்கரைக்கு வந்தப்ப விட்டுட்டுப் போன வார்த்தைங்க அதெல்லாம். அவங்க வார்த்தைதான் நம்ம கிட்ட இருக்கு."

"யாரு யாருட்ட கொள்முதல் பண்ணுனா என்ன, சரக்கு ஒண்ணுதான?" என்று சொல்லிவிட்டு மீதிக் காப்பியைக் குடித்தார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அங்கேதான். நான் ஒரு கோயில், ஒரு மியூசியம் என்று இழுத்தால்கூட, கடையில் தலையைக் காட்டாமல் வரமாட்டார். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள என்ன வெஞ்சனம் என்று சர்வரிடம் விசாரிப்பார். அவர் ஏதோ பதில் சொல்லுவார். இருவரும் அவரவர் பாஷையில் நாட்டு நடப்பைப் பேசுவார்கள். எதற்கு என்று தெரியாமலே சரியான இடத்தில் உச்சுக் கொட்டிக்கொள்வார்கள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மகளும் கூட வந்தாள். டாக்சி வெளியே காத்திருந்தது. இவர் கடைக்கார அம்மாவைக் கும்பிட்டு, "அப்ப வாரேம்மா" என்றார். அந்த அம்மா மகளிடம் என்னவென்று கேட்டார். அவள் பெட்டியைத் தூக்குகிற அவசரத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்தாள். அந்த அம்மாவும் சரி சரி என்று தலையசைத்தார்.

திண்டுக்கல் வந்து சேர்ந்து, துணி துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மகள் வீடியோவில் கூப்பிட்டாள். கடையில் இருந்தாள். நாங்கள் உட்காருகிற மேசையைக் காட்டினாள். யாரையும் உட்காரவிடாமல் இரண்டு நாற்காலியையும் சாய்த்துவைத்திருந்தார்கள்.

"அப்பா, வாரேன்னு நீங்க சொன்னத நான் அப்படியே சொல்லிட்டேன். 'வர்றேங்கிறார்'னு. மறுநாள்லேர்ந்து உங்களுக்காக மேசைய ஒதுக்கி வச்சிருக்காங்க. ஏன் இன்னும் வரலன்னு கேக்குறாங்க."

"பின்ன, போறேன்னா சொல்லுவாக?" என்றார் இவர். திரையில் அந்த அம்மா எட்டிப் பார்த்துக் கையாட்டினார். இவரும் ஆட்டினார். அப்புறம் போனை என் கையில் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டை பீரோவில் எந்தத் தட்டில் வைத்தாய் என்று கேட்டார்.