ஜாதிக்காய்ப் பால்

கல்யாணமாகி ஆறு மாதமாகியும் என் வீட்டுக்காரர் என் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. அரக்கோணம் ரயில்வேயில் அவருக்கு இரவு வேலை. காலை வண்டியில் திருத்தணிக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். பள்ளிப்பட்டிலிருந்து வாழ வந்த எனக்கு அப்போது பதினேழு வயது. என்ன தப்புச் செய்தேன் என்று தெரியாமலே பயந்துகொண்டிருந்தேன்.

மாமியார் கண்டுபிடித்த வழி சமையல். முருங்கைப் பூவை நெய்யில் வதக்கிப் போடுவார். குழம்பென்றால் முருங்கைக்காய்தான். சர்க்கரை கிடைக்காத உலக யுத்த காலத்திலும் எங்கிருந்தோ பாதாமும் பனங்கற்கண்டும் வாங்கி வந்து பால் காய்ச்சுவார்.

"நீயே எடுத்துகினு போய்க் குடு. பக்கத்துலயே நில்லு" என்பார்.

நிற்பேன். அவர் குடித்துவிட்டு லோட்டாவைத் தரையில் வைப்பார். என் கையில் தர மாட்டார். எதற்காக இதெல்லாம் சமைக்கிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். வெட்கத்தில் சாகலாம் போலிருக்கும்.

ஒரு நாள் கிணற்றடியில் மாமியார் பக்கத்து வீட்டம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது. "ஆடி வரைக்கும் பாப்பேன். அப்புறம் இவள அனுப்பிட்டு வேற பொண்ணு பாக்கறதுதான்."

எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். நான் திரும்பிப் போய் நின்றால் அவர்களை யார் கட்டுவார்கள்? அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் பாலில் புதிதாக ஒரு காட்டமான வாசனை.

"இன்னா அத்தே போட்டிருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. ஆறிடப் போவுது, குடு."

கொடுத்தேன். மதியம் அவர் எழுந்து உட்கார்ந்தபோது கண்கள் சிவந்து கிடந்தன. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. மார்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சுவர் தன்மேல் சாய்கிறது என்றார். மாமியார் அலறினார். பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தாள்.

"உன் மருமவ மருந்து வெச்சிட்டா! புருஷன மயக்கறதுக்கு ஊர்லேந்து கொண்டாந்திருப்பா!"

நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். இவர் செத்துப்போனால் நான்தான் கொன்றேன் என்பார்கள். பால் கொடுத்த கை என் கை. எங்காவது ஓடிவிட வேண்டும் என்று எழுந்தேன்.

வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை சில்லென்று ஈரமாயிருந்தது.

"போவாத. எனக்கு பயமா கீது."

அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். "எங்கயும் போவலீங்க" என்று உட்கார்ந்தேன்.

அவர் தலையைத் திருப்பி, "ம்மா, பால்ல இன்னா போட்ட?" என்றார்.

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஜாதிக்காய்டா. மருந்துக்கடையில ஒரு சிட்டிகதான் போடச் சொன்னாங்க. சீக்கிரம் கேக்கட்டுமேன்னு ரெண்டு காய முழுசா அரச்சிட்டேன்."

பக்கத்து வீட்டம்மா மெல்ல வெளியே நழுவினாள்.

மோர் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். இரண்டு தரம் வாந்தி எடுத்தார். நெஞ்சுப் படபடப்பு பொழுது சாயும்வரை அடங்கவில்லை. மோர் வாங்கும் ஒவ்வொரு தரமும் "செத்துடுவனா?" என்பார், "இல்லீங்க" என்பேன், எனக்கே நம்பிக்கையில்லாமல். பயத்தை மறக்க அவர் பேசினார்.

"நீ என்னப் பாத்தாலே நடுங்கற. என்னப் புடிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்."

ஆடி வந்தது, போனது. வேறு பெண் என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். ஆனால் அன்றைய பயம் என்னை விடவில்லை. மாமியார் இருந்தவரை, வீட்டுக்காரருக்குக் கொண்டுபோகும் எதையும் அடுப்பங்கரையிலேயே ஒரு வாய் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்துப் போவேன்.